ஜனவரியில் முதல் தடவை வடக்கே: நீலகிரிக்காரர்களுக்குக் குளிர் ஒரு பொருட்டா?

கேள்வி, குன்னூர் வாசகர் ஒருவர், 2 செப்டம்பர் 2025

நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோரும் குன்னூர். முதல் தடவையாக முதுகுப்பையோடு வடக்கே கிளம்புகிறோம். ஜனவரியில் 12 நாள் லீவு. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், மணாலி, ரிஷிகேஷ், காசி என்று ஏழு ஊர். குளிரைப் பற்றிக் கவலை இல்லை. ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தா உறைபனியில் விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள், இருக்கிற ஸ்வெட்டர் போதும். டிக்கெட் எப்போது போடுவது, ஆளுக்கு எவ்வளவு ஆகும், அதை மட்டும் சொல்லுங்கள்.

2 செப்டம்பர், இரவு

டிக்கெட்டுக்கு முதலில் பதில். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது, பழைய பதிவுகளைப் படித்து ஏமாற வேண்டாம். ஜனவரி 2 ரயிலுக்கு நவம்பர் 3 காலை 8 மணிக்குத் தயாராக உட்காருங்கள்.

நாங்கள் நான்கு பேர் 2024 ஜனவரி 1 அன்று கிளம்பினோம். நான் கோத்தகிரி. மற்ற மூவர் வெலிங்டன், அருவங்காடு, கட்டபெட்டு. எங்களுக்குள் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், மறுநாள் இரவு 10 மணிக்குச் சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். சுமார் 2,180 கிலோமீட்டர், நேரத்துக்கு ஓடினால் சுமார் 33 மணி நேரம். போக வர ரயில் உட்பட 20 நாளுக்கு ஆளுக்கு 16,500 ரூபாய் ஆனது. எல்லா ரயிலும் ஸ்லீப்பர், அறை நால்வருக்கு ஒன்று.

இப்போது கேட்காத பதில். 12 நாளில் போக வர ரயிலுக்கே ஐந்து நாள் போய்விடும். மீதி ஏழு நாளில் ஏழு ஊர் என்றால் நீங்கள் பார்க்கப்போவது பஸ் ஸ்டாண்டுகளை மட்டும்தான். டெல்லியிலிருந்து மணாலிக்கே 500 கிலோமீட்டருக்கு மேல், ஒரு முழு ராத்திரி பஸ். பாதியை வெட்டுங்கள். நான்கு ஊர் போதும்.

3 செப்டம்பர்

குளிர் விஷயத்தை நேற்று தொடாமல் விட்டேன், அதுதான் முக்கியம்.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். மணாலி சுமார் 2,050. இமாச்சலத்தில் நாங்கள் தங்கிய மெக்லியோட்கஞ்ச் சுமார் 2,080. உயரத்தை மட்டும் பார்த்தால் நம் ஊட்டிதான் மேலே இருக்கிறது. நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் ஒரு ஸ்வெட்டரும் ஒரு மப்ளரும் எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் நாம் இருப்பது 11ஆம் அட்சரேகையில், அவர்கள் இருப்பது 32இல். ஜனவரியில் அங்கே சூரியன் ஏழே காலுக்கு மேல்தான் வருகிறது, ஆறு மணிக்குள் போய்விடுகிறது. தலைக்குந்தாவில் விடிகாலையில் புல் வெள்ளையாகக் கிடந்தாலும் ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், சட்டையோடு நிற்கலாம். நம் குளிர் ராத்திரிக் குளிர். அங்கே பகலிலும் நிழலுக்குப் போனால் விரல் மரத்துப்போகிறது.

உள்ளே போட ஒரு தெர்மல் ஜோடி, காற்று புகாத ஒரு மேல் ஜாக்கெட், கம்பளி சாக்ஸ் மூன்று. இது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

3 செப்டம்பர், பிற்பகல்

ஒருவர் கேட்டிருக்கிறார்: இமயமலையிலேயே ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளலாமே, இங்கிருந்து சுமப்பானேன்? வாங்கலாம். நான் அப்படித்தான் வாங்கினேன். மெக்லியோட்கஞ்ச் கடைத்தெருவில் ஒரு வயதான திபெத்திய அம்மா கம்பளித் துணி விற்றுக்கொண்டிருந்தார். எங்கிருந்து என்று இந்தியில் கேட்டார். ஊட்டி என்றோம். கோத்தகிரி என்றால் யாருக்குத் தெரியும் என்று நினைத்து அப்படிச் சொன்னோம். உடனே "ஊட்டியா? சேரிங் கிராஸ்!" என்றவர், அப்புறம் தமிழிலேயே விலை சொல்ல ஆரம்பித்தார். பல வருடம் குளிர்காலம் தோறும் ஊட்டிக்கு வந்து ஸ்வெட்டர் விற்றவராம். "முன்னூத்தம்பது, குறைக்க மாட்டேன்" என்று அவர் சொன்ன தமிழ் இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் குறைத்தும் கேட்கவில்லை. நம் ஊர்த் திபெத்தியன் மார்க்கெட்டில் சின்ன வயதில் எனக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர் இவர் கையிலிருந்தே வந்திருக்கலாம் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன்.

5 செப்டம்பர்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். இமாச்சலம் போனால்தான் குளிர் என்பது போல எழுதிவிட்டேன். நாங்கள் அதிகம் நடுங்கியது மலையில் இல்லை. சமவெளியில்.

டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்கப் பஞ்சாபிலிருந்து பீகார் வரை மூடுபனி தரையோடு படுத்துக்கிடக்கிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்க, கீழே குளிர்ந்த ஈரக்காற்று வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. சில நாள் பகல் இரண்டு மணிக்கும் சூரியன் தெரியாது. அதே நேரத்தில் மெக்லியோட்கஞ்சில் பளீரென்று வெயில். அங்கிருந்து கீழே பார்த்தால் சமவெளி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது, கோடநாடு காட்சிமுனையில் நின்று மாயாறு பள்ளத்தாக்கை மேகம் மூடியிருக்கும்போது பார்ப்பது போல. நாம் அந்த வெள்ளையை எப்போதும் மேலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். இரண்டு நாள் கழித்து அதற்குள்ளேயே போய் உட்காரப்போகிறோம் என்று அப்போது தெரியவில்லை.

நம் மேகம் வரும், முகத்தை நனைக்கும், பத்து நிமிடத்தில் நகர்ந்துவிடும். சமவெளி மூடுபனி நகர்வதில்லை. தமிழில் நாம் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வானத்திலிருந்து விழும் வெண்பனி எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். "அங்கே பனியாமே?" என்று ஊரில் யாராவது கேட்டால் எந்தப் பனி என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு அதற்கப்புறம்தான் வந்தது.

விழும் பனி எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை இமாச்சலத்தில் மழையும் பனியும் அநேகமாக இல்லாமலே போனது. மணாலியை நீங்கள் பனிக்காகச் சேர்த்திருந்தால், ஜனவரி என்றால் கட்டாயம் விழும் என்று நம்பிப் போக வேண்டாம்.

5 செப்டம்பர், இரவு

ஸ்லீப்பர் வகுப்பில் பொதுவாகப் போர்வை தரமாட்டார்கள். ஜன்னல் ஷட்டரை இறக்கினாலும் இடுக்கு வழியாகக் காற்று வரும். ஆளுக்கு ஒரு கம்பளி கட்டாயம். கீழ்ப் படுக்கைதான் ஜன்னலுக்கு நேர், அதற்கு அடித்துக்கொள்ளாதீர்கள். மேல் படுக்கை எவ்வளவோ மேல்.

6 செப்டம்பர்

டெல்லியும் ஆக்ராவும் எப்படி என்று கேட்கிறீர்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் திட்டத்தில் ஆக்ரா விழுந்ததே வெள்ளிக்கிழமையில்தான், முந்தின ராத்திரிதான் கவனித்தோம். நல்லவேளை, சனிக்கிழமைக்கு மாற்ற முடிந்தது. காலை பதினொன்று வரை மூடுபனியில் தாஜ்மகாலே தெரியவில்லை. அப்புறம் குவிமாடம் மட்டும், அப்புறம் மினார்கள், கடைசியில்தான் அடித்தளம் என்று மேலிருந்து கீழாக வெளியே வந்தது. வெலிங்டன்காரன் தாஜ்மகாலுக்காகவே வந்தவன். இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

டெல்லி ரயில் நிலையத்துக்கு வெளியே, உங்கள் லாட்ஜ் மூடிவிட்டார்கள், வேறு இடம் காட்டுகிறேன் என்று வருபவர்களிடம் நிற்காமல் நடங்கள். நாங்கள் முன்பணம் கட்டிய ஒரு விடுதியில் போய் நின்றபோது அறை இல்லை என்று கைவிரித்தார்கள். பெயர் வேண்டாம். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் போய்ச் சேருவது போல எந்த ஊரையும் திட்டமிடாதீர்கள், அது போதும்.

9 செப்டம்பர்

பாலம்பூர் பற்றி ஒருவர் விசாரித்திருக்கிறார், பட்டியலில் யாரும் அதைச் சேர்ப்பதில்லையே என்று. அது என் ஊர். அதாவது நான் கேட்டுச் சேர்த்த ஊர்.

எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. பாலம்பூர் இருக்கும் இமாச்சலத்துக் காங்ராப் பள்ளத்தாக்கிலும் தேயிலை இருக்கிறது என்று படித்ததிலிருந்து ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனத் தேயிலையைக் கொண்டுவந்து நட்ட இடம். 1905 ஏப்ரல் 4ஆம் தேதி நிலநடுக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கே இடிந்தது. சுமார் 20,000 பேர் இறந்தார்கள். தொழிற்சாலைகளும் போயின. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தத் தொழில் பழைய நிலைக்கு எழவே இல்லை.

பாலம்பூர் 1,200 மீட்டர் சொச்சம்தான். கோத்தகிரி சுமார் 1,800. நம்மைவிட இவ்வளவு கீழே இருக்கிற ஊரில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். நம் செடியைவிட இலை சின்னது, தடித்தது, ஓரம் ரம்பம் மாதிரி. கிளை நுனியில் மொட்டு இறுக்கமாக மூடிக் கிடந்தது. விரலால் தொட்டால் உளுந்து மாதிரி கெட்டி. நம் வீட்டில் குளிர்காலத்தில் வரத்து குறையும், உறைபனி விழுந்தால் கருகும், ஆனாலும் ஏதாவது ஒரு தளிர் எழுந்துகொண்டே இருக்கும். இங்கே தோட்டம் மொத்தமும் உறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாத்தியில் கிளைகளைக் கவாத்து வெட்டிப் போட்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். எனக்கு இந்தி அரைகுறை, அவர் பேசியதோ காங்ரா பாஷை. கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலக் காட்டினார். ஏப்ரல் என்றார். அக்டோபர் என்றார். ஏப்ரலில் எழுந்து அக்டோபரோடு படுத்துவிடுமாம்.

அவர் கவாத்துக் கத்தியை வாங்கிப் பார்த்தேன். வளைவு நம்முடையதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு கிளையை வெட்டிக் காட்டச் சொன்னார். அப்பா கற்றுக்கொடுத்தபடி உள்பக்கம் சரிவு வருமாறு ஒரே இழுப்பில் வெட்டினேன். வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தோளில் ஒரு தட்டு தட்டினார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்ததில் பெரியது அந்தத் தட்டுதான்.

9 செப்டம்பர், இரவு

பாலம்பூரிலிருந்து பக்கத்தில் பைஜ்நாத் கோயில். 1204இல் கட்டியது. பைஜ்நாத் என்றால் வைத்தியநாதர், நம் வைத்தீஸ்வரன்கோயில் சாமி. கட்டபெட்டுக்காரன் பையிலிருந்து வீட்டு விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போனான்.

பதான்கோட் வரை போகும் காங்ரா சிறுரயிலைப் பற்றிக் கேட்டவருக்கு: 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சக்கி ஆற்றுப் பாலம் விழுந்ததால் நாங்கள் போனபோது பதான்கோட்டிலிருந்து அது ஓடவில்லை, பஸ்ஸில்தான் இறங்கினோம். மலை ரயில் ஆசை இருந்தால் கால்கா–சிம்லா இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899, அது 1903. நமக்கு 16 குகை, அவர்களுக்கு 102. நம்முடையதில் இருக்கும் பல்சக்கரம் அங்கே இல்லை, அந்த அளவுக்குச் செங்குத்தாக ஏறவில்லை.

14 செப்டம்பர்

நான்கு ஊர் போதும், மீதியை வெட்டுங்கள் என்று முதல் நாள் எழுதினேன். நான்கு நாளாக அது உறுத்துகிறது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும் முன்பு அருவங்காட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஊர் என்று பேசினோம். வெலிங்டன்காரனுக்குத் தாஜ்மகால். கட்டபெட்டுக்காரனுக்குக் காசியில் பாரதியார் இருந்த வீடு. எனக்குப் பாலம்பூர். அருவங்காட்டானுக்கு அமிர்தசரஸ் பொற்கோயில். அவன் தாத்தா வெலிங்டனில் ராணுவத்தில் வேலை பார்த்தவர். கூட இருந்த சீக்கியர் ஒருவர், ஒரு தடவையாவது எங்கள் கோயிலுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். தாத்தா போகாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாள் பற்றவில்லை. ஒன்றை வெட்ட வேண்டும் என்று வந்தபோது, டிக்கெட் போட்டவன் நான், கணக்கு நோட்டு என் கையில். அமிர்தசரஸை வெட்டினேன். அவன் சரி என்றான். சண்டை போடாதவன்.

ஜனவரி 13, பதான்கோட் பிளாட்பாரம். காசி ரயில் மாலை நாலரைக்கு வர வேண்டும். ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். அப்புறம் இரண்டு. அப்புறம் நாலு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்வார்கள், யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நால்வரும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தோம். எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை, விளக்கு மட்டும் மஞ்சளாக மிதந்தது. பேச்சுக்குப் பேச்சாக வெலிங்டன்காரன் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான், இங்கிருந்து அமிர்தசரஸ் எவ்வளவு தூரம் என்று. நூற்றுப்பத்து கிலோமீட்டர், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்.

யாரும் பேசவில்லை. அருவங்காட்டான் எழுந்து வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் தேடிப் போனேன். அது லோரி நேரம். நம் போகி மாதிரி அவர்களும் நெருப்பு மூட்டும் பண்டிகை. ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் கட்டை அடுக்கிக் கொளுத்தியிருந்தார்கள், இவன் அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒரு சர்தார்ஜி அவன் இரண்டு கையிலும் வேர்க்கடலையும் எள்ளு மிட்டாயும் கொட்டினார். அவன் பாதியை என் கையில் மாற்றினான். "தாத்தாவுக்கு இது போதும்டா" என்றான்.

ரயில் வந்தது ராத்திரி ஒன்றரைக்கு. ஒன்பது மணி நேரம்.

ஆகவே தம்பி, நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஊரைக் குறையுங்கள், ஆனால் எண்ணி வெட்டாதீர்கள். நால்வரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு ஊர் சொல்லுங்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். அந்த நான்கும் நிற்கட்டும். யாருமே காரணம் சொல்லாத ஊர் தானாகப் போய்விடும். நாள் பற்றாவிட்டால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள், ஒருவனுடைய ஊரை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

15 செப்டம்பர்

காசியைச் சுருக்கமாக. ஜனவரி 15, பொங்கலன்று அங்கே இருந்தோம். கேதார் கட், அனுமன் கட் என்ற படித்துறைகள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஒரு சந்தில் திரும்பினால் வாசலில் கோலம், தமிழில் பெயர்ப்பலகை. இரண்டு வாரம் ரொட்டி தின்றவனுக்கு அங்கே கிடைக்கும் இட்லியின் அருமை தெரியும். பாரதியார் 1898இல் பதினைந்து பதினாறு வயதில் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த ஊர் இது, நான்கு வருடம் இருந்தார். அந்த வீட்டுக்குப் போகும் சந்தில் கட்டபெட்டுக்காரன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கல் தரை, கால் விறைத்திருக்கும். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

டீ மண் குவளையில் தருகிறார்கள், குல்ஹட் என்கிறார்கள். சூடான டீ படும்போது முதல் மழை வாசனை வருகிறது. டீத்தூள் சுமார்தான், இஞ்சி அதைக் காப்பாற்றுகிறது.

திரும்பியது கங்கா காவேரி எக்ஸ்பிரஸ்ஸில். வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, பார்த்துப் போடுங்கள்.

22 செப்டம்பர்

நீங்கள் அனுப்பிய புதுத் திட்டம் பார்த்தேன். டெல்லி, அமிர்தசரஸ், பாலம்பூர், காசி. மணாலியையும் ஜெய்ப்பூரையும் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. 12 நாளை 16 ஆக்கியதும் நல்லது. பதான்கோட் ரயிலை நம்பி அடுத்த நாளைக்கு எதையும் போடாதீர்கள், நடுவில் ஒரு நாள் வெறுமையாக இருக்கட்டும்.

பொற்கோயில் வளாகம் இரவிலும் திறந்திருக்கும், லங்கர் என்ற அன்னதானக் கூடத்தில் எந்த நேரமும் சாப்பாடு உண்டு. தலையை மூட ஒரு துணி கையில் இருக்கட்டும், அங்கேயும் தருவார்கள்.

23 செப்டம்பர்

அருவங்காட்டான் நேற்று இதைப் படித்துவிட்டு போன் செய்தான். இப்போது வேலை ஓசூரில். ஜனவரியில் அவனும் லீவு போட முடியுமாம், தம்பிமார் ஆட்சேபிக்காவிட்டால் அமிர்தசரஸ் வரை சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்கச் சொன்னான். கம்பளி அவனிடம் இரண்டு இருக்கிறது.

பாலம்பூரில் அந்தப் பெரியவரைப் பார்த்தால், கோத்தகிரிக்காரன் விசாரித்தான் என்று சொல்லுங்கள். தேயிலை மொட்டு ஒன்றைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.